தியாடா, புவான்

நீதிமன்றக் கேண்டீனில் காலை ஏழே முக்காலுக்கெல்லாம் ரொட்டி சானாய் தீர்ந்துவிடும். அதனால் இருபத்திரண்டு வருஷமும் நான் ஏழு மணிக்கே போய்விடுவேன். இரண்டு ரொட்டி, ஒரு தே தாரிக், சீனி குறைவாக. சாப்பிட்டு மேலே போய், டையைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்தால் எட்டரைக்கு லாக்கப் லாரி வந்து நிற்கும். ஒரு நாளும் நான் தாமதமாகப் போனதில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என்னைப் பற்றிச் சொல்ல நல்லதாக இருப்பது இதுதான்.

போனை மேசையிலேயே வைத்துக்கொள்ளுங்கள், மிஸ் ஷஹீதா. பதிவாகட்டும். என் மனைவி காமினி அடுப்படியில் இருக்கிறார். கதவைச் சாத்த வேண்டாம் என்று நான்தான் சொன்னேன். சில விஷயங்களை அவரும் இன்றுதான் கேட்கப்போகிறார்.

வக்கீல் அமீரா உங்களை ஏன் அனுப்பினார் என்று தெரியும். யுகேந்திரனுடைய மரண விசாரணையின் ஒலிப்பதிவை அவர் கேட்டு வாங்கியிருக்கிறார். அவருக்குத் தமிழ் தெரியாது, உங்களுக்குத் தெரியும். உட்கார்ந்து கேட்டிருக்கிறீர்கள். தாயார் தமிழில் சொன்னது ஒன்று, நான் மலாயில் சொன்னது வேறு. அதைக் கேட்கத்தான் வந்திருக்கிறீர்கள். மறைக்க ஒன்றுமில்லை, சொல்கிறேன். ஆனால் அதற்கு முன்னால் நடந்த ஒன்று இருக்கிறது. அது எந்தப் பதிவிலும் கிடையாது. அந்த அறையில் மைக் இல்லை.

நான் செய்த வேலை உங்களுக்குத் தெரிந்ததுதான். இருந்தாலும் பின்னால் கேட்பவர்களுக்காகச் சொல்கிறேன். என் பெயர் சிவநேசன். பினாங்குத் தீவில் ஒரு மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் தமிழ் மொழிபெயர்ப்பாளர். போலீஸ் ஒருவரைப் பிடித்தால் மறுநாளுக்குள் மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்த வேண்டும். இன்னும் சில நாள் லாக்கப்பில் வைத்து விசாரிக்க அனுமதி கேட்பார்கள். மாஜிஸ்திரேட் பேப்பரைப் பார்ப்பார், நிற்கிறவரைப் பார்ப்பார், "ஏதாவது சொல்ல வேண்டுமா?" என்று மலாயில் கேட்பார். நான் அதைத் தமிழில் கேட்டு, பதிலை மலாயில் சொல்வேன். ஒருவருக்கு மூன்று நிமிஷம். திங்கட்கிழமைகளில் நாற்பது பேர் வரை வருவார்கள்.

மூன்று நிமிஷத்தில் ஒரு மனிதன் பேச வேண்டியதெல்லாம் அடங்காது. "நான் முட்டை வாங்கத்தான் கீழ எறங்குனேன் சார், வேல போயிரும், தங்கச்சிக்கு அடுத்த வாரம் நிச்சயம்" என்று ஒருவர் அழுவார். நான் நிமிர்ந்து, "குற்றத்தை மறுக்கிறார், புவான்" என்பேன். அது பொய்யில்லை, சுருக்கம் என்று நினைத்தேன். இரண்டு மூன்று வருஷத்தில் சுருக்கம் இன்னும் சுருங்கியது. நிற்கிறவர் பேசி முடித்ததும் நான் சொல்வது இரண்டே சொல்லாகிவிட்டது. "தியாடா, புவான்." சொல்ல ஒன்றுமில்லை, அம்மா. மாஜிஸ்திரேட் ஆண் என்றால் துவான். அவ்வளவுதான் வித்தியாசம்.

எல்லாருக்கும் நான் அப்படிச் செய்யவில்லை. இதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். பேப்பரில் முதலில் முகவரியைப் பார்ப்பேன். குளுகோரில் தரை வீடு, அப்பா வாத்தியார் என்றால் சொன்னதைச் சொன்னபடி மொழிபெயர்ப்பேன். சுங்கை பினாங் பக்கத்தில் இருக்கிற அந்த நான்கு பிளாக் அரசாங்க பிளாட் என்றால் சுருக்கிவிடுவேன். பிளாட்டின் பெயர் வேண்டாம். அங்கே இன்னும் ஆட்கள் குடியிருக்கிறார்கள்.

போலீஸும் முகவரியைத்தான் பார்த்தார்கள். இன்ஸ்பெக்டர் அஸ்லானைக் கெட்டவர் என்று நான் சொல்ல மாட்டேன். என் மகளுக்குப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தபோது முதலில் வாழ்த்துச் சொன்னவர் அவர். பக்கத்தில் வசதியானவர்கள் இருக்கும் கொண்டோவில் எதுவாவது காணாமல் போனால், அன்று மாலையே பிளாட்டின் கீழே அவருடைய வேன் நிற்கும். வருகிறவர் போகிறவரிடம் ஐ.சி., அதாவது அடையாள அட்டை, கேட்பார்கள். ஐ.சி.யில்தான் முகவரி அச்சடித்திருக்கிறதே. ஒரு தடவை கேண்டீனில் உட்கார்ந்து சொன்னார். "அங்கே பத்துப் பேரைத் தூக்கினால் ஒருத்தன் மேலாவது பழைய கேஸ் இருக்கும், சிவா." மற்ற ஒன்பது பேர் என்ன ஆவார்கள் என்று நான் கேட்கவில்லை. மற்ற ஒன்பது பேரைத்தான் நான் தினமும் காலையில் பார்த்துக்கொண்டிருந்தேனே. அவர்களுக்கும் சேர்த்துத்தான் "தியாடா" சொல்லிக்கொண்டிருந்தேன்.

இனி நான் சொல்வது காமினிக்கும் தெரியாதது.

நான் அந்த பிளாட்டில் பிறந்து வளர்ந்தவன். சி பிளாக், ஏழாவது மாடி. இருபத்தாறு வயது வரைக்கும் அங்கேதான் இருந்தேன். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், ஆபீஸில் பேப்பர் வேலை பார்க்கும் ஒரு கிராணி என் முன்னால் லாக்கப் லிஸ்ட்டை வைத்துக்கொண்டு, "இன்னைக்கும் பாதிப் பேர் அந்த பிளாட்தான். ஆமா, நீ எங்க?" என்று சாதாரணமாகக் கேட்டார். "ஆயர் ஈத்தாம்" என்று சொன்னேன். யோசித்துச் சொல்லவில்லை. வாயில் வந்துவிட்டது. அடுத்த மாதமே ஆயர் ஈத்தாமில் ஓர் அறை வாடகைக்கு எடுத்து ஐ.சி. முகவரியை மாற்றினேன். பெண் பார்க்கப் போனபோதும் ஆயர் ஈத்தாம்தான். என் அக்கா மோகனாவிடமும் அப்படியே சொல்லச் சொல்லியிருந்தேன். அக்கா என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார், ஆனால் காட்டிக்கொடுக்கவில்லை. அம்மா இறந்ததும் வீட்டை ஒப்படைத்துவிட்டோம், அது என் கல்யாணத்துக்கு முன்பே. அந்த வீட்டு வாசலை நான் திரும்பி மிதிக்கவே இல்லை.

ஷஹீதா, உங்களுக்குக் கஷ்டமாக இருந்தால் கொஞ்சம் தண்ணீர் குடியுங்கள். நான் நிதானமாகத்தான் சொல்கிறேன்.

யுகேந்திரனுக்கு முப்பத்துநான்கு வயது. அதே சி பிளாக், ஒன்பதாவது மாடியில் அம்மா தனலெட்சுமியோடு இருந்தார். புக்கிட் தெங்காவில் ஒரு தொழிற்சாலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினார். பக்கத்துக் கொண்டோவில் ஒரு பெரிய மோட்டார் சைக்கிள் காணாமல் போயிருந்தது. கேமராவில் தெரிந்தது ஹெல்மெட் போட்ட ஓர் ஆள், கறுப்பு, நடுத்தர உயரம். அந்த அடையாளத்துக்கு நானும் பொருந்துவேன். இவர் மாலை ஆறு மணிக்கு ஃபேக்டரி பஸ்ஸுக்காகப் பிளாட்டின் முன்னால் நின்றுகொண்டிருந்தார். சட்டையில் ஃபேக்டரி பெயர், கழுத்தில் அட்டை. அன்றைக்குப் பிடித்த பதினோரு பேரில் ஒருவர்.

முதல் தடவை கொண்டுவந்தபோது அவர் தலையைத் தூக்கவில்லை. பேப்பரில் பெயரையும் மாடியையும் பார்த்ததுமே யார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. நான் பிளாட்டை விட்டு வந்தபோது அவருக்குப் பதின்மூன்று வயது இருக்கும். "மோட்டார் போன அன்னைக்கு நான் நைட் ஷிஃப்ட் சார். கார்டு பஞ்ச் பண்ணியிருக்கேன். சூப்பர்வைசருக்குப் போன்ல ஒரு கோல் அடிச்சா தெரிஞ்சிரும்" என்றார். நான், "மறுக்கிறார், புவான்" என்றேன். நான்கு நாள் கொடுத்தார்கள். அந்த ஒரு கோலை யாரும் அடிக்கவில்லை. அடிக்க வேண்டும் என்று யாருக்கும் தெரியாது. எனக்கு மட்டும்தான் தெரியும்.

நான்கு நாள் கழித்து, இன்னும் நாள் கேட்டுத் திரும்பக் கொண்டுவந்தார்கள். அன்று மாஜிஸ்திரேட்டின் அறையில் ஏர்கான் பழுது. கதவைத் திறந்து, மூடாமல் இருக்க ஒரு நாற்காலியை முட்டுக்கொடுத்திருந்தார்கள். வெளியே காரிடாரில் வீட்டு ஆட்கள் நின்றுகொண்டிருந்தார்கள். தனலெட்சுமியும் நின்றார். நான் பார்த்தேன், பார்க்காததுபோல் இருந்துவிட்டேன்.

யுகேந்திரனுக்கு முன்னால் ஒரு சீன இளைஞர் நின்றார். தூங்கவிடாமல் பல் வலிக்கிறது என்றார். மேண்டரின் மொழிபெயர்ப்பாளர் அதை அப்படியே சொன்னார். மாஜிஸ்திரேட் புதிதாக வந்திருந்த சின்ன வயதுப் பெண். உடனே பேனாவை எடுத்து, இன்றே டாக்டரிடம் காட்ட வேண்டும் என்று எழுதி, வாய்விட்டும் படித்தார். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. இதை ஏன் சொல்கிறேன் என்றால், சொல்லியிருந்தால் அந்தம்மா கேட்டிருப்பார். கேட்க மாட்டார் என்று நினைத்துவிட்டேன் என்று சொல்லித் தப்பிக்க எனக்கு வழியில்லை.

அடுத்து யுகேந்திரன். ஆரஞ்சு லாக்கப் சட்டை, கையில் விலங்கு. நான்கு நாளில் கன்னம் ஒட்டியிருந்தது. மாஜிஸ்திரேட் கேட்டார், நான் தமிழில் கேட்டேன். அவர் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். அப்புறம் அவர் முகமே மாறிவிட்டது. கூட்டத்தில் தொலைந்தவன் வீட்டு ஆளைப் பார்த்த மாதிரி.

"அண்ணே, நீங்க மோகனா அக்கா தம்பிதானே? ஏழாவது மாடி? நான் தனலெட்சுமி மவண்ணே. ஒம்பதாவது."

இன்ஸ்பெக்டர் அஸ்லான் ஃபைலிலிருந்து தலையைத் தூக்கினார். அவருக்குத் தமிழ் தெரியாது. ஆனால் ஓர் ஆள் இன்னோர் ஆளை அடையாளம் கண்டுகொண்டால் அது எந்த மொழியிலும் தெரியும்.

"என்ன சொல்லணுமோ அதை மட்டும் சொல்லு" என்றேன்.

"ரெண்டு நாளா நெஞ்சு அடைக்குதுண்ணே. மூச்சு வாங்க முடியல. இடது கை மரத்துப் போவுது. உள்ள சொன்னா, நடிக்கிறேன்னு மிதிக்கிறாங்க. கேஸு என்னா வேணாலும் போட்டுக்கட்டும்ணே. டாக்டர் கிட்ட மட்டும் காட்டச் சொல்லுங்க."

அவருக்கு மலாய் தெரியாதா என்று நீங்கள் கேட்பீர்கள். நன்றாகவே தெரியும். நேராக மாஜிஸ்திரேட்டைப் பார்த்துச் சொல்லியிருக்கலாம். சொல்லத்தான் இருந்தார் என்று நினைக்கிறேன். என்னைப் பார்த்த பிறகுதான் தமிழுக்கு மாறினார். தன் ஆள் இருக்கிறான், இனிப் பயமில்லை என்று நினைத்துவிட்டார்.

மாஜிஸ்திரேட், "நீளமாகப் பேசுகிறாரே, என்ன?" என்று என்னைக் கேட்டார்.

நான் யுகேந்திரன் பக்கம் குனிந்து, தணிந்த குரலில் சொன்னேன். ஒவ்வொரு சொல்லும் நினைவிருக்கிறது. "இங்க சொன்னா போலீஸ் மேல புகார் சொன்ன மாதிரி ஆயிரும். உனக்குத்தான் கஷ்டம். நான் வெளிய போய் இன்ஸ்பெக்டர் கிட்ட பேசி இன்னைக்கே ஒன்ன ஆஸ்பத்திரிக்கு அனுப்பச் சொல்றேன். நீ சும்மா இரு."

"கண்டிப்பா சொல்லுவீங்களாண்ணே?"

"சொல்றேன்."

பிறகு நிமிர்ந்து, "தியாடா, புவான்" என்றேன்.

தியாடா என்றால் என்ன என்று அவருக்குத் தெரியும். அதைக் கேட்டுக்கொண்டுதான் என்னைப் பார்த்துத் தலையாட்டினார். "தேங்க்ஸ்ணே" என்றார். மாஜிஸ்திரேட் இன்னும் மூன்று நாள் எழுதினார்.

நான் சொல்லத்தான் நினைத்தேன். இதை நீங்கள் நம்ப வேண்டியதில்லை. இடைவேளையில் காரிடாரில் இன்ஸ்பெக்டர் என் பக்கத்தில் வந்து நின்றார். வாய்ப்பு தானாகவே வந்தது. ஆனால் அவர்தான் முதலில் கேட்டார். "அந்த ஆள் உங்களுக்குத் தெரிந்தவனா, சிவா?"

"இல்லை" என்றேன். "பிளாட் ஆட்கள் எல்லாரையும் அண்ணன் என்றுதான் கூப்பிடுவார்கள்."

அவர் சிரித்தார், நானும் சிரித்தேன். அவரே தொடர்ந்தார். "நெஞ்சுவலி என்று இரண்டு நாளாக உள்ளே நாடகம் போடுகிறான். உண்மையாக இருக்குமோ?"

கவனியுங்கள், மிஸ் ஷஹீதா. அவர் கேட்டார். அந்த மனிதருக்கே ஒரு சந்தேகம் இருந்தது. நான் ஆமாம் என்று சொல்லியிருக்க வேண்டியதில்லை. பேசாமல் இருந்திருந்தால்கூட ஒருவேளை அவர் அனுப்பியிருப்பார். நான் ஆமாம் என்றால், எப்படித் தெரியும், அவனை உங்களுக்குத் தெரியுமா என்று அடுத்த கேள்வி வரும் என்று நினைத்தேன். அதனால், "அங்கே எல்லாருக்கும் அந்த நடிப்பு வரும்" என்று சொன்னேன். சொல்லிவிட்டுக் கீழே போய் ஒரு தே ஆலியா குடித்தேன்.

யுகேந்திரன் இரண்டு நாள் கழித்து, காலை ஆறு மணிக்கு லாக்கப்பில் இறந்துகிடந்தார். இதயத்துக்குப் போகிற ரத்தக்குழாய் அடைப்பு. இரண்டு நாள் முன்னால் கொண்டுவந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்று டாக்டர் பின்னால் சாட்சி சொன்னார். அந்தச் சாட்சி ஆங்கிலத்தில் நடந்தது. அதற்கு நான் தேவைப்படவில்லை, பின்னால் பெஞ்சில் உட்கார்ந்து கேட்டேன். மோட்டாரைத் திருடியவர் பிறகு அகப்பட்டார். அந்தக் கொண்டோவிலேயே குடியிருப்பவர்.

மரண விசாரணை பதினான்கு மாதம் கழித்து நடந்தது. இப்போது நீங்கள் வந்த விஷயத்துக்கு வருகிறேன். மொழிபெயர்க்க வேறொருவரைத்தான் போட்டிருந்தார்கள். மேல் மாடியில் அதிரா என்று ஒரு பெண், சுத்தமாக வேலை செய்பவர். நான் ரெஜிஸ்ட்ராரிடம் போய், இது உணர்ச்சிவசப்படக்கூடிய கேஸ், அனுபவம் வேண்டும் என்று சொல்லி அந்த வேலையை என் பெயருக்கு மாற்றிக்கொண்டேன். யாரும் என்னை அனுப்பவில்லை. நானாகத்தான் கேட்டுப் போனேன்.

தனலெட்சுமி சாட்சிக் கூண்டில் ஏறியபோது என்னைப் பார்த்து ஒரு பெருமூச்சு விட்டார். தெரிந்த முகம் இருக்கிறதே என்ற நிம்மதி. எங்கள் அம்மா வேலைக்குப் போகும்போது வீட்டுச் சாவியை அவரிடம்தான் கொடுத்துவிட்டுப் போவார். அவர் பக்கத்து வக்கீல் அமீரா கேட்டார், பிடிபட்ட பிறகு உங்கள் மகன் யாரிடமாவது உடம்பு சரியில்லை என்று சொன்னாரா என்று. நான் அதைச் சரியாகத்தான் தமிழில் கேட்டேன். அவர் சொன்ன பதிலை நீங்கள் பதிவில் கேட்டிருக்கிறீர்கள்.

"சொன்னான்யா. ரெண்டாவது தடவ கொண்டாந்தப்ப, மாஜிஸ்திரேட் ரூமுல வச்சுச் சொன்னான். கதவு தொறந்திருந்துச்சு, நான் வெளிய நின்னேன். நெஞ்சு அடைக்குது, மூச்சு வாங்க முடியலன்னு சொன்னான். இந்தத் தம்பி கிட்டதான் சொன்னான். சொல்றேன்னு தம்பியும் சொல்லுச்சு. நீங்க இவரையே கேட்டுப் பாருங்க."

என்னைக் குற்றம் சொல்ல அவர் அதைச் சொல்லவில்லை. நான் சொல்லியிருப்பேன், போலீஸ்தான் கேட்கவில்லை என்று அவர் நம்பினார். என்னைத் தன் பக்கத்துச் சாட்சியாகக் கைகாட்டினார். அறையில் தமிழ் தெரிந்தவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான். எல்லாரும் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நான் மலாயில் சொன்னது இது. "சொல்லியிருக்கிறான். நெஞ்சு அடைக்கிறது, மூச்சு வாங்க முடியவில்லை என்று முன்பு என்னிடம் சொல்லியிருக்கிறான். நீதிமன்றத்தில் நான் வெளியே நின்றேன், அங்கே நடந்தது தெரியாது."

மரண விசாரணை அதிகாரி நியாயமான கேள்வியைக் கேட்டார். அப்படியென்றால் பிடிபடுவதற்கு முன்பு நீங்கள் அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனீர்களா என்றார். நான் தனலெட்சுமியிடம் தமிழில், "அன்னைக்கு நீங்க அவர ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனீங்களாம்மா?" என்று கேட்டேன். முன்பு என்பதை அன்னைக்கு என்று மாற்றினேன். பதிவில் தெளிவாக விழுந்திருக்கும்.

அவர் பைத்தியக்காரனைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தார். "எப்புடிய்யா கூட்டிட்டுப் போவேன்? கையில வெலங்கு போட்டுல்ல வச்சிருந்தாங்க? தொடக்கூட விடலியே."

"இல்லை, துவான்" என்றேன்.

அதிகாரி எழுதிக்கொண்டார். வக்கீல் அமீராவின் முகம் வாடிப்போனது. இந்தப் பதில் தன் கட்சிக்காரரையே கவிழ்த்துவிட்டது என்று அவருக்குத் தெரிந்தது. ஏன் முன்கூட்டியே தன்னிடம் சொல்லவில்லை என்று நினைத்திருப்பார். தனலெட்சுமி இறங்கி வந்து காரிடாரில் என் கையைப் பிடித்தார். "நான் சொன்னத அப்படியே சொன்னீங்கல்ல தம்பி?" என்று கேட்டார். "அப்படியே சொன்னேன்மா" என்றேன். அவர் கை சூடாக இருந்தது. எனக்குத் தரையைத் தவிர வேறெங்கும் பார்க்க முடியவில்லை. அதன் பிறகு எத்தனையோ தடவை கையைக் கழுவியிருக்கிறேன் என்று சொன்னால் நாடகமாக இருக்கும். அப்படி ஒன்றும் செய்யவில்லை. வழக்கம்போல வீட்டுக்கு வந்து காமினியோடு சாப்பிட்டேன்.

முடிவு மூன்று வாரத்தில் வந்தது. இயற்கை மரணம், யார் மேலும் குற்றமில்லை.

இன்னும் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். தீர்ப்பை மலாயில் எழுதி தனலெட்சுமி கையில் கொடுத்திருந்தார்கள். அதைப் படித்துச் சொல்ல ஆளில்லை. நீதிமன்றத்துக்கு வந்து என்னைத் தேடி, "ஒரு நாள் வீட்டுப் பக்கம் வந்து படிச்சுக் காட்றியா தம்பி?" என்று கேட்டார். என்னால் மறுக்க முடியவில்லை. ஒரு சனிக்கிழமை காலை போனேன். சி பிளாக்கில் லிஃப்ட் ஒற்றைப்படை மாடிகளில்தான் நிற்கும். ஏழாவது மாடியிலும் நின்று கதவு திறந்தது. நான் தலையைக் குனிந்துகொண்டேன். கீழே வேன் ஒன்று நின்றதைப் பார்த்துவிட்டுத்தான் ஏறியிருந்தேன். இரண்டு போலீஸ்காரர்கள் ஒருவரிடம் ஐ.சி. கேட்டுக்கொண்டிருந்தார்கள். என்னை அவர்கள் கேட்கவில்லை. என் டையைப் பார்த்திருப்பார்கள். ஆமாம், சனிக்கிழமையும் டை கட்டிக்கொண்டுதான் போனேன்.

தனலெட்சுமி நாற்காலியைத் துடைத்துப் போட்டார். மகனுடைய ஃபேக்டரிச் சட்டையைத் துவைத்து ஆணியில் மாட்டியிருந்தார். தீர்ப்பு பதினான்கு பக்கம். முதல் பக்கத்திலிருந்து ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னேன். தேதி, டாக்டர் சொன்னது, போலீஸ் சொன்னது எல்லாம். அவர் தலையாட்டிக் கேட்டார். பதினோராம் பக்கத்தில் ஒரு வரி இருந்தது. "இறந்தவருக்கு முன்பே நெஞ்சுவலி இருந்ததையும், தாம் அவரைச் சிகிச்சைக்கு அழைத்துச் செல்லவில்லை என்பதையும் தாயார் ஒப்புக்கொண்டார்."

நான் நிறுத்தினேன். அவருக்கு மலாய் படிக்க வராது. ஆனால் தன் பெயர் எழுதியிருந்தால் கண்டுபிடித்துவிடுவார். அந்த வரியில் விரலை வைத்து, "இது எம் பேருதானே? என்னா எழுதியிருக்கு?" என்று கேட்டார்.

"நீங்க வந்து சாட்சி சொன்னதக் குறிப்பிட்டிருக்காங்கம்மா. நல்லபடியாத்தான் எழுதியிருக்கு."

"பரவால்ல. நம்ம சொன்னதக் கேட்டிருக்காங்க." விரலை எடுக்காமலே கேட்டார். "இதுக்கு மேல எங்கயாச்சும் கேக்க முடியுமா தம்பி?"

"முடிஞ்சு போச்சும்மா" என்றேன். மேல் நீதிமன்றத்தில் மனுப் போடலாம் என்று எனக்குத் தெரியும். மைலோ கலக்கிக் கொடுத்தார், குடித்தேன். கிளம்பும்போது வாசல் வரை வந்து, "மோகனாவக் கேட்டதாச் சொல்லு" என்றார்.

அவ்வளவுதான், மிஸ் ஷஹீதா. காமினி அடுப்பை அணைத்துவிட்டார், சத்தம் கேட்டது. எழுதிக் கொண்டுவாருங்கள், ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்துப் போடுகிறேன். அறையில் யுகேந்திரன் கேட்டதை மறைத்தேன், காரிடாரில் அவரைத் தெரியாது என்றேன், நோயை நடிப்பு என்றேன், தாயின் சாட்சியை மாற்றினேன். யுகேந்திரனைக் கொன்றதில் எனக்குப் பங்கு இருக்கிறது. இதில் எதையும் நான் குறைத்துச் சொல்லவில்லை, எதற்கும் மன்னிப்புக் கேட்கும் தகுதியும் எனக்கில்லை. எல்லாம் என் பயத்துக்காகச் செய்தது.

பதினோராம் பக்கத்து வரியை விட்டது மட்டும்தான் வேறு. அதை அந்தம்மாவுக்காகத்தான் செய்தேன். பெற்ற தாய் அதைக் கேட்டுவிட்டு எப்படி உயிரோடு இருப்பார்? நீங்களும் அவரைப் பார்க்கப் போவீர்கள், தீர்ப்பைத் திரும்பப் படித்துக் காட்டச் சொல்லிக் கேட்பார். அந்த ஒரு வரியை மட்டும் தயவுசெய்து படித்துவிடாதீர்கள். அவருக்கு மனசு தாங்காது.